கப்பல் மரியாதையும் கரை மரியாதையும்

எங்கள் திண்டுக்கல்லுக்குக் கடல் கிடையாது. நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தால்தான் உப்புக் காற்று முகத்தில் படும். குடிக்கிற தண்ணீருக்கே ஆத்தூர் அணைக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். பூட்டுக்கும் சுருட்டுக்கும் தோலுக்கும் பேர்போன இந்த மேட்டு நிலத்தில் உட்கார்ந்துகொண்டு, யுத்தக் கப்பலில் பெரிய மனிதர்களை வரவேற்கும் முறையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று யாரேனும் கேட்டால், யோக்கியதை ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கோபம் மட்டும் இருக்கிறது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் நண்பர் ஒருவர் பேசினார். கல்லூரியில் சரித்திரம் போதிப்பவர், நன்றாகப் பேசக்கூடியவர். 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் கடற்படையில் சேர்த்தபோது, கடற்படைக் கொடியிலிருந்த ஜார்ஜ் முனிவரின் சிலுவையை எடுத்துவிட்டார்கள் அல்லவா? அதோடு நிறுத்திவிட்டார்களே என்பதுதான் அவருடைய ஆதங்கம். ஒரு பெரிய அதிகாரி கப்பலில் காலை வைத்ததும் விசில் ஊதுவது, இரண்டு வரிசையாக ஆட்கள் விறைத்து நின்று சலாம் வைப்பது, ஜனாதிபதி வந்தால் 21 குண்டு போடுவது, கப்பல் விளிம்பு முழுவதும் சிப்பாய்களை நிறுத்தித் தொப்பியைக் கழற்றி ஜே போடச் சொல்வது, இவை எல்லாமே வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சில் என்றும், மூட்டையாகக் கட்டிக் கடலிலே போட வேண்டியவை என்றும் அவர் முழங்கினார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து நாகல் நகர்ப் பக்கம் நடந்து வருகையில், கூடவே வந்த ஒரு பெரியவர், "தம்பி, நீங்களும் கையைத் தட்டுனீங்க, பார்த்தேன்" என்றார். வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து, பதினைந்து ஆண்டுகள் மாலுமியாக உழைத்துவிட்டுத் திரும்பியவர். இப்போது முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறார்.

"ஏன் அண்ணே, தட்டினது தப்பா?" என்றேன்.

"தட்டுறதுல தப்பென்ன? அந்த விசில் எதுக்குன்னு அவருக்கும் தெரியலை, உங்களுக்கும் தெரியலை. தெரியாத சாமானைத் தூக்கிப் போடலாமா? ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வாங்க."

போனேன். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த அந்த விசிலை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு சாண்கூட இராது. வளைந்த ஒரு சின்னக் குழாய், அதன் நுனியில் துவாரமிட்ட ஓர் உருண்டை, அடியில் பிடித்துக்கொள்ள ஒரு தகடு, தகட்டில் ஒரு வளையம். குழாய்க்குப் பீரங்கி என்று பெயராம். உருண்டைக்கு மிதவை, தகட்டுக்குக் கப்பலின் அடிமரத்துப் பெயர், வளையத்துக்கு நங்கூரச் சங்கிலிக் கொளுவியின் பெயர். ஒரு கப்பலையே உள்ளங்கையில் அடக்கிவிட்டார்கள். விரல்களை உருண்டையின் மேல் குவித்தும் விரித்தும் அவர் ஊதிக் காண்பித்தார். தாழ்ந்து தொடங்கி, கீச்சென்று மேலே ஏறி, மறுபடி தாழ்ந்தது. தோட்டத்துக் கிணற்றடியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"இதை மரியாதைன்னு நினைக்கிறீங்க. இது வேலைச் சத்தம் தம்பி" என்றார்.

அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், காற்றின் இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. கயிற்றை இழு, நிறுத்து, தளர்த்து என்ற கட்டளைகளை எல்லாம் விசிலால்தான் சொல்வார்கள். நடுக்கடலில் ஒரு கப்பலின் தலைவன் இன்னொரு கப்பலுக்கு யோசனை கலக்கவோ சாப்பிடவோ போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் படகிலிருந்து ஏணி பிடித்து ஏற முடியாது. ஒரு பலகை நாற்காலியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விருந்தாளி அதில் உட்காருவான். மேலே நாலைந்து பேர் நின்று கப்பியில் கயிற்றை இழுப்பார்கள். இழுக்கும் கைகளுக்குத் தாளம் அந்த விசில். எங்கள் பக்கத்தில் ஏற்றம் இறைக்கிறவர்கள் பாடவில்லையா, அதுபோல. மேலே வருகிறவர் பதவியில் பெரியவரானால் பெரும்பாலும் உடம்பிலும் பெரியவராக இருப்பார், ஆகவே இழுக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று மாலுமிகள் கேலியாகச் சொல்வார்களாம். அமெரிக்கக் கடற்படையில் இன்றைக்கும் பதவிக்குத் தக்கபடி இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று ஆட்களை வரிசையில் நிறுத்துகிறார்கள். நாற்காலி போய்விட்டது, கயிறு போய்விட்டது, இழுத்தவர்கள் நின்ற இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள்.

அண்ணன் அன்று சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைப் பேசவிடாமல் செய்தது. பிரிட்டிஷ் கடற்படை மரபில் இந்த விசில் கண்ட கண்ட பிரமுகருக்கெல்லாம் ஊதப்படுவதில்லை. கப்பலை நடத்துகிற பொறுப்பு உள்ளவர்களுக்கும் இன்னும் சிலருக்கும்தான். ஆனால் கப்பலில் ஒருவன் இறந்துபோய், அவன் உடலை அடக்கத்துக்காக இறக்கும்போது ஊதியாக வேண்டும். அவன் தளபதியா, அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்தவனா என்ற கேள்வி அப்போது இல்லை. இந்த ஒரு விதியை வெள்ளைக்காரன் எழுதினான் என்பதற்காக நான் கடலில் போட மாட்டேன்.

கப்பலில் இன்னும் சில வழக்கங்கள் உண்டு. பல கடற்படைகளில், ஏறுகிறவன் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். துறைமுகத்தில் படகில் போகும்போது சின்னவர்கள் முதலில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். பெரியவர் கடைசியில் ஏறி முதலில் இறங்குவார். பெரியவருக்குச் சௌகரியம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அவருக்கு முன்னால் எல்லாரும் தயாராக இருக்க வேண்டுமென்றால், அவரும் சொன்ன நேரத்துக்கு வந்துதான் தீரவேண்டும். படகுக்கு அலை காத்திருக்காது. அப்புறம், ஒரு கப்பலின் தலைவன் வேறொரு துறைமுகத்துப் பெரியவரைப் போய்ப் பார்த்தால், அந்தப் பெரியவர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்பது பழைய முறை. மொய் எழுதியவன் வீட்டு விசேஷத்துக்கு நாமும் போய் மொய் எழுதுவது போலத்தான். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது அங்கேயும் கௌரவமில்லை.

சரித்திர ஆசிரியரான என் நண்பர் சொன்னதில் பாதி உண்மை என்பதையும் மறைக்கக்கூடாது. பீரங்கி விஷயத்தில் அவர் பக்கமே நான் நிற்பேன்.

பீரங்கி மரியாதையின் பிறப்பும் அழகானதுதான். பழைய பீரங்கியை ஒரு தடவை சுட்டுவிட்டால் மறுபடி மருந்து கெட்டித்துத் தயார் செய்ய நேரமாகும். ஆகவே, துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல் தன் பீரங்கிகளைச் சுட்டுக் காலியாக்கினால், 'இதோ என் கை வெறுங்கை, இனி நீ என்னை எதுவும் செய்யலாம்' என்று சொன்னதாக அர்த்தம். கப்பல் ஏழு சுடும், மருந்து தாராளமாக இருக்கும் கரைக்கோட்டை ஒன்றுக்கு மூன்றாகப் பதில் சுடும், மூவேழு இருபத்தொன்று. இருபத்தொன்றுக்கு இப்படித்தான் கணக்குச் சொல்கிறார்கள். ஒற்றைப்படை மங்கலம், இரட்டைப்படை சாவுக்கு என்பது பழைய மாலுமிகளின் நம்பிக்கை. நூற்றொன்று மொய் வைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த வெறுங்கை காட்டும் வழக்கத்தை ஆங்கில அரசாங்கம் நம் நாட்டில் என்னவாக ஆக்கிற்று? விலைப்பட்டியல் ஆக்கிற்று. சக்கரவர்த்திக்கு 101, வைசிராய்க்கு 31. அப்புறம் ராஜாக்கள். ஹைதராபாத், மைசூர், பரோடா, குவாலியர், காஷ்மீர் ஐந்துக்கும் 21. கீழே 19, 17, 15 என்று படிப்படியாக இறங்கி 9 வரைக்கும் போகும். திருவாங்கூர் மகாராஜாவுக்கு 19. ஆனால் தம் ராஜ்யத்துக்குள் இருக்கும்போது மட்டும் 21! எல்லையைத் தாண்டினால் இரண்டு வேட்டுக் குறைந்துபோகிற மகாராஜாவை நினைத்துப் பாருங்கள். ஒரு குண்டு கூட வாங்குவதற்காக இந்த மன்னர்கள் எழுதிய மனுக்களும் பிடித்த காக்காய்களும் கொஞ்சமல்ல. 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் வந்து அவர்களுடைய மானியத்தையும் பட்டத்தையும் முடித்துவைத்தது.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 1875-ஆம் வருஷம் விக்டோரியா ராணியின் மூத்த மகன், பின்னால் ஏழாம் எட்வர்டு ஆனவர், செராபிஸ் என்ற கப்பலில் இந்தியாவுக்கு வந்தார். டிசம்பர் மாதம் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இறங்கி, மதுரை, திருச்சி மார்க்கமாக ரயிலில் சென்னைக்குப் போனார். மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் திண்டுக்கல் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் தண்டவாளத்து ஓரம் நின்றார்களோ இல்லையோ! அடுத்த வருஷம் தாது வருஷம். பெரும் பஞ்சம் வந்தது. ஜனங்கள் சாலை ஓரங்களில் செத்து விழுந்துகொண்டிருந்த வேளையில், 1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் தர்பார் கூட்டி, ராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார்கள். வெடித்த மருந்தின் விலைக்கு எத்தனை மூட்டைத் தானியம் வந்திருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

ஆகவே நண்பரே, கடலில் போட வேண்டியது என்னவென்று கேட்டால், இந்தப் பட்டியல் புத்திதான். அது கப்பலில் மிச்சமிருப்பதைவிட நம் கரையில் நூறு மடங்கு மிச்சமிருக்கிறது. விசிலுக்குக் கோபப்பட்ட உங்களுக்கு, வாசகர் வட்ட ஆண்டு விழாவில் யாருக்கு முதலில் பொன்னாடை, யாருக்கு இரண்டாவது, யாருக்குக் கதர்த் துண்டு என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தபோது கோபம் வரவில்லையே. மேடைக்கு ஏறிய ஒவ்வொருவரும் 'அவர்களே, இவர்களே' என்று நாற்பது பேரை வரிசை தப்பாமல் விளித்து முடிப்பதற்குள், பின்னால் இருந்த ஜனங்கள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். இதற்குப் பீரங்கியே தேவலை. இருபத்தொன்றோடு நின்றுவிடும்.

இப்போது என் கோபத்தின் காரணத்துக்கு வருகிறேன்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு பெரியவர் எங்கள் ஊர் வழியாகப் போகிறார் என்று சொல்லி, எங்களைப் பழனிச் சாலையில் நிறுத்தினார்கள். காலை எட்டு மணிக்குக் கையில் காகிதக் கொடியோடு நின்றோம். முதல் நாள் இரவு சாலைக்குத் தார் போட்டிருந்தார்கள்; தார் வாடை அடித்தது. ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோலப்பொடி மாதிரி விழுந்து கிடந்தது. சாக்கடைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். பத்து மணிக்கு வருவார் என்றார்கள். பதினொன்று ஆயிற்று. மாசி வெயில். தப்பும் கொட்டும் காலையிலிருந்து ஓயவில்லை. கரகம் வைத்திருந்த அம்மாள் கரகத்தை இறக்கிவைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் பெஞ்சுக்காரப் பையன் கிறங்கி விழுந்தான். எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரர் அவனைத் தூக்கிக்கொண்டுபோய், பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்தார். தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து நீராகாரத்தைக் குடிக்கக் கொடுத்தார். ஒன்றே முக்காலுக்குக் கார்கள் வந்தன. பதினைந்தோ இருபதோ இருக்கும். கண்ணாடி ஏற்றியிருந்தது. எந்தக் காரில் அவர் இருந்தார் என்று தெரியாததால், வாத்தியார் சொன்னபடி எல்லாக் காருக்கும் கை தட்டினோம்.

அவர் யார் என்பது முக்கியமில்லை. எழுதினால், அவர் கட்சிக்காரர்கள் நான் மாற்றுக் கட்சி என்பார்கள். எந்தக் கட்சி என்ன? கொடியின் நிறத்தைத் தவிர இதில் எதுவும் மாறி நான் பார்த்ததில்லை. தார், பிளீச்சிங் பவுடர், வளைவு, தட்டி. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுவில் கட்டியிருந்த ஒரு கல்யாணத் தட்டி, ஸ்கூட்டரில் போன இளம் பெண் மேல் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி அவள்மீது ஏறியது. பிரமுகர்களை 'வருக வருக' என்று வரவேற்ற தட்டி அது. அதற்கப்புறம் நீதிமன்றம் கண்டித்தது. கட்சிகள் எல்லாம் இனி தட்டி வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. இப்போது எங்கள் பஸ் நிலையத்து முக்கில் போய் நின்று பாருங்கள்.

'ஜனங்கள் விரும்புகிறார்களே ஐயா' என்பார்கள். விரும்புகிறார்கள்தான். நம் ஜனங்களுக்கு வரவேற்பதில் உள்ள ஆசையை நான் குறைவாகப் பேசமாட்டேன். 1907 மே மாதம் சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல்களான காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கு வந்தபோது, எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் பிரம்பைக் காட்டிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போகவில்லை. ஜனங்களாகவே போனார்கள். பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய் என்று, நாற்பதாயிரம் பங்கில் பத்து லட்ச ரூபாய் திரட்டப் புறப்பட்ட கம்பெனியின் கப்பல்கள் அவை. தங்கள் காசு மிதந்து வருவதைப் பார்க்கப் போனவர்களுக்குக் கொடியும் கொட்டும் யார் கொடுக்க வேண்டும்? அதே சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்துவிட்டு 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, வாசலில் சுப்பிரமணிய சிவாவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரும்தான் நின்றார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். விசில் ஊதுவதற்குத் தகுதியான ஒருவர் கரையேறிய நாள் அது.

ஜனாதிபதிக்குக் கப்பல்கள் மரியாதை செய்வதை நான் ஆட்சேபிக்கவில்லை. 2006 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் கடற்படையைப் பார்வையிட்டவர் ஓர் இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகன். யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப் போன தகப்பனாரின் படகைப் புயல் கொண்டுபோனதைச் சிறுவயதில் பார்த்தவர். அப்துல் கலாம் அணிவகுத்து நின்ற கப்பல்களைப் பார்த்துக் கையசைத்ததோடு போகவில்லை. சிந்துரக்ஷக் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் இறங்கி, மாலுமிகள் வேலை செய்கிற இடத்துக்கே, கடலுக்கு அடியில் போய்வந்தார். அப்படிச் செய்த முதல் ஜனாதிபதி அவர். கப்பலின் விளிம்பில் வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றி ஜே போட்ட ஒரு மாலுமிக்கு, அந்த வெயில் அவன் ஏற்றுக்கொண்ட தொழிலில் சேர்த்தி. அதற்குச் சம்பளம் உண்டு. நிற்கப் பயிற்சி உண்டு. விழுந்தால் பார்க்கக் கப்பலிலேயே ஆள் உண்டு. ஆறாம் வகுப்புப் பையன் எந்தக் கப்பலில் சேர்ந்தான்?

சென்ற வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டுக் கொண்டுவந்தாள். ஏழாம் வகுப்பு. ஒரு பிரமுகர் வருகிறாராம். வெள்ளைச் சீருடையில் காலை எட்டு மணிக்குச் சாலைக்கு வந்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு தட்டில் உதிரிப்பூ கொண்டுவர வேண்டும். பெற்றோர் கையெழுத்திட வேண்டும். நான் கையெழுத்துப் போட முடியாது என்றேன். எனக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. "எல்லாரும் போறாங்கப்பா. நான் ஒண்ணும் கிறங்க மாட்டேன்" என்று அழுதாள். என் பெஞ்சுக்காரன் கதையை அவளிடம் முன்பே சொல்லித் தொலைத்திருக்கிறேன் போலும். அவள் அம்மா, "ஊரோடு ஒத்துப்போகத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் உட்கார்ந்து பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மகளை அனுப்புகிறேன் என்றும், அதற்கு நாலு காரியம் வேண்டும் என்றும் எழுதினேன். பிள்ளைகள் நிற்கிற இடத்தில் பந்தல் வேண்டும். பானையில் தண்ணீர் வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் கால் மணி ஆனால் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். வருகிறவர் காரை விட்டு இறங்கி, அந்த வரிசையின் நீளத்தைக் காலால் நடந்து கடக்க வேண்டும். கப்பலில் ஏறுகிற தளபதிகூட வரிசை நடுவே தன் காலால்தான் நடந்து போகிறார் என்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன். வேடசந்தூர் அண்ணனிடம் கடிதத்தைக் காட்டியபோது, "திரும்ப ஒரு நாள் வந்து பிள்ளைங்களைப் பார்க்கணும்னும் எழுதுங்க தம்பி, இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள" என்று சிரித்தார். அதை எழுதவில்லை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வகுப்பு ஆசிரியை என் மனைவிக்குப் போன் செய்து, "சார் எழுத்தாளர்னு தெரியும், இதையெல்லாம் பத்திரிகையில எழுதிட வேண்டாம்னு சொல்லுங்கம்மா" என்றாராம். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் மேலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கும். பிரமுகர் வரும் தேதி இன்னும் உறுதியாகவில்லை என்று கேள்வி. ஒத்திகை மட்டும் வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு.